பரிசோதனைத் தாள் எதைப் பார்க்கிறது? கரோனா வைரஸ் எடுக்கும் நகல்களும் நாங்கள் செய்த தவறும்

 

சென்ற மாதம் கல்வி உதவியைப் புதுப்பிக்க நமது அலுவலகத்துக்கு ஒரு மாணவி வந்திருந்தார். கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறார். படிவத்தைக் கொடுத்த பிறகும் போகாமல் சற்று நின்றார். "மாமா, அப்போ வாப்பாவுக்குத் திரும்பத் திரும்ப பாசிட்டிவ்னு வந்துச்சே, அது ஏன்னு இப்பதான் எங்க பாடத்துல வந்துச்சு. நம்ம இதழ்ல ஒரு தடவை எழுதுறீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. அவருடைய வாப்பா நமது அறக்கட்டளைச் சமையற்கூடத்தில் பண்டாரியாக இருப்பவர். 2020-இல் ஊரடங்கு நேரத்தில் பல நூறு குடும்பங்களுக்குப் போன சாப்பாடு அவர் கையால் ஆனது. அந்த ஜூலை மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் கரோனா என்று தெரிந்து, அரசு சிகிச்சை மையத்தில் தங்கி, பத்து நாளில் குணமாகி வீடு திரும்பினார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வேலைக்கு வருகிறேன் என்றார். நாங்கள்தான், "நெகட்டிவ் என்று ஒரு தாள் கொண்டு வாருங்கள் பாய், அப்புறம் அடுப்பைத் தொடலாம்" என்று சொல்லி அனுப்பினோம்.

கைக்காசைப் போட்டுத் தனியார் ஆய்வகத்தில் பரிசோதித்தார். பாசிட்டிவ். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாசிட்டிவ். மூன்றாம் முறைதான் நெகட்டிவ் வந்தது. அதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. கூலி இல்லை. அதைவிட மோசம், "இன்னும் அவருக்கு நோய் இருக்கிறதாம்" என்ற பேச்சு தெருவில் பரவி, அவர் பிள்ளைகளைக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. "செக்ரட்டரி பாய், எனக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. அந்தத் தாள் எதைப் பார்த்து அப்படிச் சொல்லுது?" என்று அவர் அன்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 8-ஆம் தேதியே விதியைத் திருத்தியிருந்தது. லேசான நோய் கண்டவர், அறிகுறி தொடங்கிப் பத்து நாள் கடந்து, மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். அதற்கு மறுபரிசோதனை தேவையில்லை என்பதே அந்த விதி. நாங்கள் அதைப் படிக்கவில்லை. படித்தவர்கள் சொன்னபோதும் நம்பவில்லை. அந்த விதிக்குப் பின்னால் என்ன அறிவு இருந்தது என்பதை இப்போதாவது விளக்குவது எங்கள் கடமை.

முப்பதாயிரம் எழுத்துள்ள பதிவேடு

கரோனா வைரஸ் தானாகச் சாப்பிடாது, தானாக வளராது, தானாகப் பெருகாது. அதனிடம் இருப்பது ஒரு நீண்ட எழுத்துச் சரமும் அதைச் சுற்றிய ஓர் உறையும்தான். அந்தச் சரத்தின் பெயர் ஆர்.என்.ஏ. அதில் ஏ, யு, ஜி, சி என நான்கே எழுத்துகள். அவை மாறி மாறி வருகின்றன. சீனாவின் வூஹான் நகரில் முதலில் கண்ட வைரஸின் முழுச் சரமும் 2020 ஜனவரியில் உலகுக்கு வெளியிடப்பட்டது. மொத்தம் 29,903 எழுத்துகள். இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் எழுத்துகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதில் பாதி அளவுதான் வரும். ஆர்.என்.ஏ. வைரஸ்களில் கரோனா இனத்தின் பதிவேடு மிக நீளமானவற்றுள் ஒன்று.

இந்தப் பதிவேட்டின் முதல் மூன்றில் இரண்டு பங்கில், வைரஸ் பெருகுவதற்கான கருவிகளின் குறிப்பு இருக்கிறது. நம் உடம்பின் செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததும், செல் தன்னுடைய சொந்தக் கட்டளை என்று நினைத்து அந்தப் பகுதியை வாசித்துப் புரதங்களைச் செய்து கொடுக்கிறது. அப்படிக் கிடைக்கும் 16 கருவிகளில் முக்கியமானது, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து நகல் எடுக்கும் எழுத்தர். இந்தக் கட்டுரையில் அதை அப்படியே 'எழுத்தர்' என்று அழைப்போம்.

மீதியுள்ள மூன்றில் ஒரு பங்கில், வைரஸின் உடலைக் கட்டத் தேவையான புரதங்களின் குறிப்பு இருக்கிறது. நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் முள் புரதம், உறைப் புரதங்கள், ஆர்.என்.ஏ.வைச் சுற்றிப் பாதுகாக்கும் 'என்' எனும் புரதம், இன்னும் சில சிறு புரதங்கள். இங்கேதான் வைரஸுக்கு ஒரு சிக்கல். நம் செல்லின் வாசிக்கும் இயந்திரம் ஒரு தாளின் தலையிலிருந்து தொடங்கும். முதலில் வரும் குறிப்பை வாசித்து முடித்ததும் இறங்கிவிடும். பதிவேட்டின் பின்பக்கம் வரை அது போகாது. அப்படியானால் பின்பக்கக் குறிப்புகளை எப்படி வாசிக்க வைப்பது?

ஒரே தலைப்பு, வெவ்வேறு நீளம்

அறக்கட்டளை வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நமது தீர்மானப் புத்தகம் முழுவதையும் வங்கிக்கோ வக்பு வாரியத்துக்கோ அனுப்ப மாட்டோம். தேவையான தீர்மானத்தை மட்டும் நகல் எடுத்து, அறக்கட்டளையின் பெயர் அச்சிட்ட தலைப்பை மேலே வைத்து அனுப்புவோம். தலைப்பு இருந்தால்தான் அலுவலகத்தில் அந்தத் தாளை மதித்து வாசிப்பார்கள்.

வைரஸும் இதைத்தான் செய்கிறது. பதிவேட்டின் தொடக்கத்தில் சுமார் 70 எழுத்துகள் கொண்ட ஒரு தலைப்புப் பகுதி உண்டு. அதை அடுத்து ஏ-சி-ஜி-ஏ-ஏ-சி என்ற ஆறு எழுத்து அடையாளம் ஒன்று வருகிறது. இதே அடையாளமோ இதை ஒத்த ஒன்றோ, பின்பக்கத்தில் உள்ள குறிப்புகளுக்கு முன்னாலும் இருக்கிறது.

எழுத்தர் பதிவேட்டின் கடைசியிலிருந்து தலைப்பை நோக்கிப் பின்னோக்கி எழுதிக்கொண்டு வருகிறார். அப்போது உருவாவது நேர்ப்படி அல்ல, கண்ணாடியில் தெரிவது போன்ற எதிர்ப்படி. வழியில் அந்த ஆறு எழுத்து அடையாளத்தைக் கண்டால் சில நேரம் அதைக் கடந்து போய்விடுகிறார். சில நேரம் அங்கேயே நின்று, நடுவில் உள்ள ஆயிரக்கணக்கான எழுத்துகளை விட்டுவிட்டு, ஒரே தாவலில் முதல் பக்கத்து அடையாளத்துக்குப் போய், தலைப்பை மட்டும் எழுதி முடித்துவிடுகிறார். இந்த எதிர்ப்படியைப் பார்த்துப் பின்னர் ஏராளமான நேர்ப்படிகள் எடுக்கப்படுகின்றன.

விளைவு என்ன? எல்லா நகலுக்கும் ஒரே தலை, ஒரே வால். நடுவில் உள்ள நீளம் மட்டும் வேறு. ஒன்று முள் புரதக் குறிப்பிலிருந்து தொடங்கும், இன்னொன்று 'என்' புரதக் குறிப்பிலிருந்து தொடங்கும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரம் மாதிரி. இப்படி நகல் எடுக்கும் வைரஸ்கள் சேர்ந்த வரிசைக்கு அறிவியலார் 'நிடோ' வைரஸ்கள் என்று பெயரிட்டதும் இதனால்தான். லத்தீன் மொழியில் 'நிடஸ்' என்றால் கூடு.

இது கரோனா பெருந்தொற்றின்போது திடீரென்று கண்டுபிடித்த செய்தி அல்ல. எலிகளின் கல்லீரலைத் தாக்கும் ஒரு கரோனா வைரஸை வைத்து, நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் வில்லி ஸ்பானும் அவருடைய குழுவினரும் 1983-லேயே, இந்த நகல்கள் அடுத்தடுத்து இல்லாத இரு பகுதிகளை ஒட்டி உருவானவை என்று காட்டினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் மைக்கேல் லாய் குழுவினரும் எல்லா நகலுக்கும் பொதுவான அந்தத் தலைப்பைக் கண்டறிந்தார்கள். தாவல் நடப்பது எதிர்ப்படி எழுதும்போதுதான் என்பதை 1990-களில் ஸ்டான்லி சாவிக்கி, டோரத்தியா சாவிக்கி ஆகிய இருவரும் விளக்கினார்கள். எலி நோய்க்காக நாற்பது ஆண்டுக்கு முன் சிலர் பொறுமையாகச் செய்த வேலை, 2020-இல் மனித குலத்துக்குக் கைகொடுத்தது.

சியோலில் கண்ட விநோத நகல்கள்

2020 ஏப்ரலில் தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாரி கிம், ஹ்யேசிக் சாங் ஆகியோரின் குழு ஒரு முக்கியமான ஆய்வை 'செல்' என்ற அறிவியல் இதழில் வெளியிட்டது. வைரஸ் தொற்றிய செல்களுக்குள் இருந்த ஆர்.என்.ஏ. முழுவதையும் அவர்கள் வாசித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய முறைகளில் ஒன்று, ஆர்.என்.ஏ. இழையை நுண்ணிய துளை ஒன்றின் வழியாகச் செலுத்தி, அது கடக்கும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு எழுத்துகளை வாசிப்பது. ஊசியில் நூல் கோப்பதைப் போல. இதனால் ஒவ்வொரு நகலையும் வெட்டாமல் நீளவாக்கில் வாசிக்க முடிந்தது.

முறைப்படியான நகல்கள் பத்து இருக்கும் என்று முன்பு கருதியிருந்தார்கள். சியோல் குழு கண்டது ஒன்பது. அவற்றில் மிக அதிகமாக இருந்தது 'என்' புரதத்துக்கான நகல். இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, இவற்றோடு சேர்ந்து கிடந்த எண்ணற்ற விநோத நகல்கள்.

சிலவற்றில் தலைப்பு இருந்தது, ஆனால் அடையாளமே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் ஒட்டியிருந்தது. தீர்மானத்தின் நடு வாக்கியத்தில் தலைப்பை ஒட்டியது போல. சிலவற்றில் தலைப்போடு தொடர்பே இல்லாமல், பதிவேட்டின் முன்பகுதியில் ஒரு துண்டும் பின்பகுதியில் ஒரு துண்டும் இணைந்திருந்தன; நடுவில் பல ஆயிரம் எழுத்துகள் காணவில்லை. இன்னும் சிலவற்றில் ஒரு குறிப்புக்குள்ளேயே சிறு பகுதி விடுபட்டு, அதற்குப் பின் வரும் எழுத்துகளின் கூட்டமைப்பே மாறியிருந்தது. புரதக் குறிப்பை மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்க வேண்டும். ஓர் எழுத்து விடுபட்டாலும் அடுத்த எல்லாம் வேறு சொல்லாகிவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது? எழுத்தருக்குத் தாவும் பழக்கம் உண்டு என்று பார்த்தோம். தாவத் தெரிந்தவர் எப்போதும் சரியான இடத்திலேயே தாவுவதில்லை. கரோனா வைரஸிடம் எழுத்துப் பிழையைத் திருத்தும் கருவியும் ஒன்று உண்டு. மற்ற பல ஆர்.என்.ஏ. வைரஸ்களிடம் இது இல்லை. அந்தக் கருவியைச் செயலிழக்கச் செய்தபோது, துண்டுகள் இணையும் விதமே மாறிப்போனதை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் கண்டார்கள். பிழை திருத்துவதும் துண்டுகளை ஒட்டுவதும் ஒன்றோடொன்று தொடர்புள்ள வேலைகள் என்று இதிலிருந்து தெரிகிறது.

பிழை நகலால் யாருக்கு லாபம்?

இந்த விநோத நகல்கள் எல்லாம் வெறும் குப்பை என்று சொல்லிவிட முடியாது. சில நேரம் வைரஸுக்கு நட்டம், சில நேரம் வைரஸுக்கு லாபம்.

முதலில் நட்டம். பெரும் பகுதி விடுபட்டு, தலையும் வாலும் மட்டும் மிஞ்சிய நகல், தானாக ஒரு வைரஸை உருவாக்க முடியாது. ஆனால் எழுத்தர் அதையும் மதித்து நகல் எடுப்பார். குட்டையாக இருப்பதால் சீக்கிரம் முடியும். ஆக, முழு வைரஸுக்குச் சேர வேண்டிய உழைப்பையும் புரதத்தையும் இந்த அரைகுறை நகல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. இன்ஃப்ளூயன்ஸா வைரஸில் இத்தகைய குறைப்பிறவிகளை டென்மார்க்கின் ஃபான் மாக்னஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தார். எலிக் கரோனா வைரஸில் 1980-களில் கண்டார்கள். இதையே மருந்தாக்க முடியுமா என்றும் முயற்சி நடக்கிறது. அமெரிக்காவின் கிளாட்ஸ்டோன் ஆய்வகத்தார் இப்படி ஒரு குறை ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகச் செய்து, வெள்ளெலிகளின் மூக்கில் ஒரே தடவை செலுத்தியபோது, வைரஸின் அளவும் நோயின் கடுமையும் குறைந்ததாக 2021-இல் தெரிவித்தார்கள்.

அடுத்து லாபம். 2020-லேயே பரவத் தொடங்கிய வைரஸ் கிளை ஒன்றில், 'என்' புரதக் குறிப்பின் நடுவே அடுத்தடுத்து மூன்று எழுத்துகள் மாறின. ஜி-ஜி-ஜி என்றிருந்தது ஏ-ஏ-சி ஆனது. அடுத்து ஏற்கெனவே ஜி-ஏ-ஏ-சி இருந்தது. சேர்த்து வாசித்துப் பாருங்கள்: ஏ-ஏ-சி-ஜி-ஏ-ஏ-சி. இதற்குள் அந்த ஆறு எழுத்து அடையாளம் புதிதாக உருவாகிவிட்டது! எழுத்தர் அங்கேயும் நின்று தாவத் தொடங்கினார். முன்பு இல்லாத ஒரு புதிய நகல் வழக்கத்துக்கு வந்தது. அந்தக் கிளையிலிருந்து வந்தவைதான் இங்கிலாந்தில் பரவிய ஆல்பாவும் பின்னர் உலகெங்கும் பரவிய ஓமிக்ரானும். ஆல்பா வகை தன் நகல்கள் சிலவற்றை அதிகமாக எடுத்து, நம் செல் எழுப்பும் முதல் எச்சரிக்கையை அடக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்தது என்றும் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆக, நகல் எடுப்பதில் வந்த சிறு மாற்றமும் ஊரையே பாதிக்கலாம்.

சரி, பரிசோதனைத் தாள் எதைப் பார்த்தது?

இப்போது பண்டாரி பாயின் கேள்விக்கு வருவோம்.

மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனை, வைரஸை முழுதாகப் பார்ப்பதில்லை. அதன் ஆர்.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓரிரு சிறு பகுதிகள் இருக்கின்றனவா என்றுதான் தேடுகிறது. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ நூறு எழுத்து நீளம்தான். கிடைத்தால் அதை இரட்டிப்பாக்கும், மறுபடி இரட்டிப்பாக்கும். பத்துச் சுற்றில் ஒன்று 1,024 ஆகும். இருபது சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். அதனால்தான் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் இந்தப் பரிசோதனை கண்டுபிடித்துவிடுகிறது. இது அதன் பெருமை. நோயின் தொடக்கத்தில் இதைவிட நம்பத் தகுந்த பரிசோதனை இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒன்று, நூறு எழுத்து கிடைத்தது என்றால் முப்பதாயிரமும் முழுதாக இருக்கிறது என்று பொருள் அல்ல. கிழிந்த தாளின் ஒரு மூலையில் நமது முத்திரை இருந்தால், முழுக் கடிதமும் இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டு, பல பரிசோதனைகள் தேடும் 'என்' பகுதி பதிவேட்டின் வால் பக்கத்தில் இருக்கிறது. எல்லா முறையான நகலுக்கும் வால் ஒன்றே என்று பார்த்தோம். எனவே தொற்றிய செல்லுக்குள் 'என்' பகுதியுள்ள சிறு நகல்கள் ஏராளமாக இருக்கும். பரிசோதனை இவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆனால் இந்தச் சிறு நகல்கள் எதுவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோயைத் தொற்றவைக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "இந்த நகல்கள் செல்லுக்குள் வைரஸ் பெருகும்போதுதானே உருவாகின்றன? அவை இருந்தால் வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறது என்றுதானே பொருள்?" அறிவியலாரும் முதலில் இப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகர ஆய்வாளர்கள் 2020 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், தொற்று தெரிந்து 17 நாள் கழித்தும் இந்த நகல்கள் கிடைத்தன. இதற்கு அவர்கள் சொன்ன காரணம்: வைரஸ் நகல் எடுப்பது செல்லுக்குள் இரட்டைச் சவ்வால் ஆன சிறு பைகளில். செல் செத்து உதிர்ந்த பிறகும் அந்தப் பைகள் உள்ளே உள்ள ஆர்.என்.ஏ.வைச் சில காலம் காப்பாற்றி வைத்திருக்கலாம். அடுப்பு அணைந்த பிறகும் தேக்சாவில் சூடு இருப்பதைப் போல. தேக்சா சுடுகிறது என்பதால் அடுப்பு எரிகிறது என்று சொல்ல முடியாது.

உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்று அறிய ஒரே நேர்வழி, மாதிரியை எடுத்து ஆய்வகத்தில் செல்களின்மீது விட்டு அது வளர்கிறதா என்று பார்ப்பது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதலில் நோய் கண்ட ஒன்பது பேரிடம் இப்படிச் செய்தார்கள். முதல் வாரத்தில் வைரஸ் எளிதாக வளர்ந்தது. எட்டாம் நாளுக்குப் பிறகு எடுத்த எந்த மாதிரியிலும் வளரவில்லை. ஆனால் அதே மாதிரிகளில் பி.சி.ஆர். தொடர்ந்து பாசிட்டிவ் காட்டியது. 2020 ஏப்ரல் முதல் நாளே இது வெளியானது.

தென் கொரியாவில் இன்னும் பெரிய அளவில் பார்த்தார்கள். குணமானவர் என்று அனுப்பிய பிறகு மறுபடியும் பாசிட்டிவ் வந்தவர்கள் 285 பேரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து 2020 மே மாதம் அறிக்கை தந்தது. அவர்களோடு பழகிய 790 பேரைக் கண்காணித்தார்கள். இந்த மறு-பாசிட்டிவ் நபர்களிடமிருந்துதான் தொற்றியது என்று உறுதியான நோயாளி ஒருவர்கூட இல்லை. 108 பேரின் மாதிரிகளை வளர்த்துப் பார்த்ததில் ஒன்றிலும் வைரஸ் வளரவில்லை. அந்த மே மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனமும், தனிமையிலிருந்து விடுவிக்க நெகட்டிவ் தாள் வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் தளர்த்தியது.

பண்டாரி பாயின் மாதிரியை யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை. ஆனால் அவரைப் போல லேசான நோய் வந்து, குணமாகி, வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டியவர்களிடம் உலகெங்கும் கண்டது இதுதான். தாள் பொய் சொல்லவில்லை. துண்டு எழுத்து இருக்கிறது என்று அது சொன்னது. இவரால் பிறருக்கு ஆபத்து என்று அதை வாசித்தது நாங்கள்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு யாரும் பரிசோதனையையே அலட்சியம் செய்துவிடக் கூடாது. எனவே சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறோம்.

காய்ச்சலும் இருமலும் உள்ளபோது முதன்முதலில் வரும் பாசிட்டிவ் உண்மையான எச்சரிக்கை. அப்போது தனித்திருப்பதும், முகக்கவசம் அணிவதும், வீட்டில் உள்ள முதியோரைக் காப்பதும் கட்டாயம். 'துண்டு எழுத்துதானே' என்று அப்போது சொல்லக் கூடாது.

கடுமையான நோயால் மருத்துவமனையில் கிடந்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் போன்றோரின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். இவர்களிடம் உயிருள்ள வைரஸ் நீண்ட நாள் தங்கலாம். இவர்கள் விஷயத்தில் நாள் கணக்கை மட்டும் நம்பாமல் மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

குணமாகி ஓரிரு வாரத்தில், உடல் நலமாக இருக்கும்போது, மனநிம்மதிக்காக மறுபடி மறுபடி பி.சி.ஆர். எடுப்பதால் நிம்மதி கிடைக்காது. பணமும் போகும், பயமும் கூடும். ஆனால் புதிதாகக் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் விரைவுப் பரிசோதனை ஆர்.என்.ஏ.வைத் தேடுவதில்லை, வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. புரதம் அதிகமாக இருந்தால்தான் அது காட்டும். எனவே நோய் இருந்தும் அது நெகட்டிவ் காட்டலாம். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் மறுநாள் மீண்டும் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரின் பரிசோதனை அறிக்கை அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் உரியது. அதைக் கைப்பேசியில் தெருவெல்லாம் அனுப்புவது அமானிதத்தை மீறுவதாகும்.

எங்கள் பக்கக் கணக்கு

இதை எழுதுவதற்கு முன் நிர்வாகக் குழுவில் இந்த விஷயத்தைப் பேசினோம். பண்டாரி பாய்க்கு 2020-இல் நிறுத்தி வைத்த ஐந்து வாரக் கூலியும், பரிசோதனைக்கு அவர் செலவழித்த தொகையும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. தாமதமாகத்தான். அவர் வாங்க மறுத்தார். "அது உங்கள் ஹக்கு, எங்கள் தர்மம் அல்ல" என்று சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார். இனி நமது சமையற்கூடத்திலோ, மருத்துவ உதவி மையத்திலோ, மதரஸாவிலோ பணிபுரியும் எவருக்கும் தொற்றுநோய் வந்தால், வேலைக்குத் திரும்பும் நாளை மருத்துவரின் ஆலோசனைப்படியே முடிவு செய்வோம், நாங்களாக ஒரு தாளைக் கேட்க மாட்டோம் என்றும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். ஓய்வு நாட்களுக்குக் கூலி பிடிக்கப்படாது.

குழாயடியில் அந்தப் பிள்ளைகள் கேட்ட சொற்களுக்கு எங்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. அந்தத் தெருவில் உள்ளவர்கள் இதை வாசிப்பீர்கள். பண்டாரி பாயைச் சந்திக்கும்போது ஸலாம் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்கள். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டோம். அவர் மகள் தேநீர் கொடுத்துவிட்டு, இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் தனக்கு ஒரு முறை காட்டச் சொன்னார். காட்டினோம். இரண்டு இடத்தில் திருத்தினார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தையும், அறிந்தபடி நடக்கும் தெளிவையும் தருவானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்